ஈயத் தகடும் கூரைக் கூடுவாயும்: பிரித்தானியாவில் பழைய வீடு வாங்கியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஈஸ்ட் ஹாம், டூட்டிங், ஹாரோ போன்ற லண்டன் பகுதிகளில் நம்மவர்கள் வாங்கும் வீடுகளில் பல, விக்டோரியா காலத்துத் தொடர் வீடுகளாகவோ 1930களில் கட்டிய இரட்டை வீடுகளாகவோ இருக்கின்றன. ஓட்டுக் கூரை நமக்குப் புதியதல்ல. கூரையைத் துளைத்து நிற்கும் செங்கல் புகைபோக்கியும், அதைச் சுற்றியும் கூடுவாயிலும் மடித்துப் பதித்த சாம்பல் நிறத் தகடும்தான் புதியவை. கூரை வேலையோடு தொடர்புடையவன் என்பதால் ஒரே சந்தேகங்களைப் பலரிடம் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். அளவுகள் யாவும் பிரித்தானிய நடைமுறையில் உள்ளவை.

ஃபிளாஷிங், ஃபிளாஷிங் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது கூரையில் எங்கே இருக்கிறது?

ஓடு ஓரிடத்தில் முடிந்து வேறொன்று தொடங்கும் இடத்தில் இருக்கிறது. கூரை புகைபோக்கியைத் தொடும் நான்கு பக்கங்கள், பின்புற நீட்டிப்பின் தாழ்ந்த கூரை வீட்டின் பழைய சுவரைத் தொடும் கோடு, பரண் சாளரத்தின் ஓரங்கள், முன்புறம் துருத்தி நிற்கும் பே சாளரத்தின் சிறு கூரை ஆகியவற்றில் அதைப் பார்க்கலாம். ஓடு தன்மேல் விழும் நீரைக் கீழே தள்ளிவிடும். ஆனால் ஓட்டுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடுக்கை ஓட்டால் மூட முடியாது. அந்த இடுக்கை மூடுவதற்காகச் சுவரில் ஒரு விளிம்பும் ஓட்டின்மேல் மறு விளிம்புமாக மடித்து வைக்கும் தகடே ஃபிளாஷிங்.

கூடுவாய் என்பது இரண்டு கூரைச் சரிவுகள் உள்மூலையில் சந்திக்கும் பள்ளம். இரண்டு சரிவுகளின் நீரும் அதில் சேர்ந்து ஓடுவதால், கூரையின் எந்தப் பகுதியை விடவும் அதிக நீரைச் சுமப்பது அதுதான். ஒழுகும் கூரையைப் பார்க்கப் போகும்போது நான் முதலில் கவனிப்பது புகைபோக்கியின் அடியையும் கூடுவாயையும்தான்.

பிளாஸ்டிக், அலுமினியம் எல்லாம் வந்துவிட்ட காலத்தில் ஏன் இன்னும் ஈயம்?

ஈயம் மிக மென்மையான உலோகம் என்பதே முதற்காரணம். சூடேற்றாமலேயே ஒரு மரத்தட்டியால் தட்டித் தட்டி ஓட்டின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப அதைப் படிய வைக்கலாம். ஒருமுறை படிந்தால் அந்த வடிவத்திலேயே நிற்கும். காற்றும் மழையும் பட்டதும் அதன் மேற்பரப்பில் ஒரு சாம்பல் நிறப் படலம் உருவாகி, அடியில் உள்ள உலோகத்தை அரிப்பிலிருந்து காக்கிறது. இதனால்தான் ஒழுங்காகப் பதித்த ஈயம் அறுபது ஆண்டுக்கு மேல் உழைக்கிறது. நூறாண்டைக் கடந்தும் நல்ல நிலையில் இருக்கும் தகடுகள் பழைய வீடுகளில் உண்டு.

ஈயத்துக்கு இரண்டு குறைகளும் உண்டு. அதன் எடை அதிகம். வெப்பத்தில் அது இரும்பைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் விரியும். கீழே வரும் பதில்களில் பாதி இந்த விரிவைப் பற்றியதாகவே இருக்கும்.

கோட் 4, கோட் 5 என்று கூரைக்காரர் மதிப்பீட்டில் எழுதியிருக்கிறார். எண் கூடினால் தரம் கூடுமா?

எண் தகட்டின் தடிமனைக் குறிக்கிறது, தரத்தைக் குறிக்கவில்லை. ஒரு சதுர அடித் தகடு எத்தனை பவுண்டு எடை என்பதிலிருந்து வந்த எண் அது. கோட் 3 என்பது 1.32 மி.மீ., கோட் 4 என்பது 1.80 மி.மீ., கோட் 5 என்பது 2.24 மி.மீ. தடிமன். சுருளில் ஒட்டியிருக்கும் நிறப்பட்டையைப் பார்த்தும் அடையாளம் காணலாம்: 3க்குப் பச்சை, 4க்கு நீலம், 5க்குச் சிவப்பு, 6க்குக் கறுப்பு. வேலை நடக்கும் நாளில் கீழே நின்றபடியே நீங்கள் சரிபார்க்கக்கூடிய ஒரே விஷயம் இந்த நிறப்பட்டை என்பதால், சுருளைப் பிரிப்பதற்கு முன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாதாரண வீட்டின் சுவர் ஃபிளாஷிங்குக்கும் புகைபோக்கிக்கும் கோட் 4 போதும். கூடுவாய்க்கு கோட் 4 அல்லது 5 போடுவார்கள். ஓடுகளுக்கு இடையே மறைந்திருக்கும் சிறு துண்டுகளுக்கு கோட் 3 பயன்படும். வெளியே தெரியும் ஃபிளாஷிங்கை கோட் 3இல் போட்டுத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவர் உங்கள் செலவைக் குறைக்கவில்லை, தன் செலவைக் குறைக்கிறார்.

நூறு வருடம் தாங்கும் என்றார்கள். எங்கள் வீட்டில் பத்து வருடத்திலேயே குறுக்கே வெடித்துவிட்டது. போலி ஈயமா?

பெரும்பாலும் ஈயத்தில் குற்றமில்லை. துண்டின் நீளத்தில்தான் குற்றம். 1.5 மீட்டர் நீளத் தகடு 50 பாகை செல்சியஸ் வெப்பமாற்றத்தில் ஏறக்குறைய 2 மி.மீ. நீளும். கடையில் வாங்கிய 6 மீட்டர்ச் சுருளை அப்படியே ஒரே துண்டாகச் சுவரில் பதித்தால், அதே மாற்றத்தில் அது சுமார் 9 மி.மீ. நீள முயலும். வெயில் படும் கூரையில் கோடைப் பகலுக்கும் குளிர்கால இரவுக்கும் இடையே வேறுபாடு அதைவிடவும் அதிகம். நீளவும் சுருங்கவும் இடமில்லாத தகடு முதலில் நடுவில் புடைக்கும். அந்தப் புடைப்பு ஆண்டுக்கணக்கில் மடிந்து மடிந்து நிமிர்ந்து, கடைசியில் தகட்டின் குறுக்கே மயிரிழை போன்ற ஒரு விரிசலாகத் திறக்கும். ஏணியில் ஏறிப் பக்கத்தில் பார்த்தால், விரிசலின் இரு ஓரமும் சற்று மேலே சுருண்டிருப்பதையும் அதைச் சுற்றித் தகடு அலையலையாக இருப்பதையும் காணலாம்.

ஆகவே சுவரோரத்திலும் கூடுவாயிலும் எந்தத் துண்டும் 1.5 மீட்டரைத் தாண்டக்கூடாது என்பதே இந்த வேலையின் தலையாய விதி. சுவரோரத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று குறைந்தது 100 மி.மீ. ஏறியிருக்க வேண்டும். மூட்டு குறைந்தால் ஒழுக்கு குறையும் என்று சொல்லி நீளத் துண்டைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றினாலும், அது முற்றிலும் தலைகீழான வாதம். வெடித்த தகட்டைப் பசையால் அடைப்பது சில மாதங்களுக்குத்தான் உதவும். அதை எடுத்துவிட்டுச் சிறு துண்டுகளாக மாற்றுவதே தீர்வு.

புகைபோக்கியின் பக்கவாட்டில் தகட்டைப் படிக்கட்டு மாதிரி வெட்டியிருக்கிறார்கள். அது அழகுக்கா?

அழகுக்காக அல்ல. கூரை சாய்வாக இறங்குகிறது, செங்கல் வரிசையோ கிடையாக ஓடுகிறது. தகட்டின் மேல் விளிம்பைச் செங்கல் மூட்டுக்குள் செருக வேண்டுமானால், ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு படி இறங்கித்தான் வர முடியும். ஒவ்வொரு படியின் மேல் விளிம்பும் மூட்டுக்குள் 25 மி.மீ. மடிந்து நுழைகிறது. படி வெட்டாமல் சாய்வாகவே செங்கல்லை அறுத்துத் தகட்டைப் பதித்திருந்தால், அது அவசரத்தில் செய்த வேலை. மூட்டைக் காயப்படுத்தாமல் செங்கல்லையே காயப்படுத்தியிருக்கிறார்கள்.

புகைபோக்கியைச் சுற்றிய வேலை கீழிருந்து மேலாக நடக்கும். முதலில் முன்புறத் தகடு: செங்கல்லில் குறைந்தது 150 மி.மீ. ஏறி, ஓட்டின்மேல் குறைந்தது 150 மி.மீ. இறங்கியிருக்கும். அடுத்து இரு பக்கங்கள். இங்கே ஓட்டின் வகை முக்கியம். சிலேட்டும் தட்டை ஓடும் வேய்ந்த கூரையில், ஒவ்வொரு ஓட்டு வரிசைக்கும் அடியில் ஓர் ஈயத் துண்டு மறைவாகச் சுவரை ஒட்டி மடிந்து நிற்கும். இதைச் சோக்கர் என்பார்கள். படித்தகடு அதன் நிமிர்ந்த பகுதியை மூடும். வளைவுள்ள கான்கிரீட் ஓடு என்றால் சோக்கர் வைக்க முடியாது. படித்தகடே ஓட்டின்மேல் 150 மி.மீ. படர்ந்து, முதல் மேட்டைத் தாண்டி இறங்கும்.

கடைசியில் பின்புறம். சரிவில் ஓடிவரும் நீர் முழுவதும் புகைபோக்கியின் முதுகில் மோதும் என்பதால் அங்கே நீர் வழிந்தோட ஒரு சிறு பீலியே அமைக்கிறார்கள். தெருவிலிருந்து பார்த்தால் இது தெரியாது. அதனாலேயே மலிவான பழுதுபார்ப்பில் இதை விட்டுவிடுகிறார்கள். பரணில் புகைபோக்கியின் மேற்சரிவுப் பக்கம் மட்டும் ஈரமாக இருந்தால் குறை இங்கேதான்.

ஃபிளாஷிங் சுவரிலிருந்து கழன்று தொங்குகிறது. கொஞ்சம் சிமெண்ட் பூசினால் போதாதா?

முன்பு யாரோ அப்படிப் பூசியதால்தான் பெரும்பாலும் அது கழன்றிருக்கும். சாந்து தகட்டைப் பிடித்து வைக்காது. மூட்டை அடைக்கத்தான் செய்யும். தகட்டைப் பிடித்து வைப்பவை ஈய ஆப்புகள். ஈயத் துண்டொன்றைச் சுருட்டித் தட்டையாக்கி, 450 மி.மீ.க்கு ஒன்றாக மூட்டுக்குள் அடித்து இறுக்குவார்கள். ஆப்பே இல்லாமல் சாந்தை மட்டும் நம்பிய இடத்தில், தகடு வெயிலுக்கு அசைய அசையச் சாந்து கட்டிகட்டியாக உதிர்ந்து, ஒரு காற்று நாளில் தகடும் வெளியே வந்துவிடும்.

சரியான முறை என்னவென்றால், பழைய சாந்தை 25 மி.மீ. ஆழத்துக்குச் சுரண்டி எடுத்து, தகட்டைச் செருகி, ஆப்படித்து, அதன்பிறகு மூட்டை அடைப்பது. அடைப்பதற்கு ஈய வேலைக்கென விற்கும் சீலன்ட் இப்போது பரவலாகப் பயன்படுகிறது. அது தகட்டோடு சேர்ந்து சற்று நீளும். குளியலறைக்குப் போடும் புளித்த வாடை வீசும் சிலிக்கோனைப் பயன்படுத்தக் கூடாது. அதிலிருந்து வெளிவரும் அசெட்டிக் அமிலம் ஈயத்தை அரிக்கும். தகட்டின் கீழ் விளிம்பைக் காற்று தூக்காமல் இருக்கச் செம்பு அல்லது துருவேறா எஃகுக் கிளிப்புகளும் வேண்டும். மதிப்பீட்டில் பலர் எழுதாமல் விடுவது இந்தக் கிளிப்புகளைத்தான்.

கூடுவாயில் ஓட்டுக்கு அடியில் என்னதான் இருக்கிறது?

இரு பக்கக் கைமரங்களின்மேல் கூடுவாயின் நீளத்துக்குப் பலகை அடித்திருப்பார்கள். பலகையின் இரு ஓரத்திலும், நீர் ஓட்டுக்கு அடியில் பக்கவாட்டில் ஏறாதபடி, முக்கோண வெட்டுள்ள சிறு மரச்சட்டம் ஓடும். அவற்றின்மேல் ஈயத் தகடு சட்டங்களைத் தாண்டி மடிந்திருக்கும். ஒவ்வொரு துண்டையும் தலைப்பகுதியில் மட்டும் செப்பு ஆணியால் அடித்திருப்பார்கள். மீதிப் பகுதி கீழ்நோக்கி நீளவும் சுருங்கவும் விடப்பட்டிருக்கும். கீழ்த்துண்டை முதலில் பதித்து, அதன் தலையை மேல்துண்டின் கால் மூடும்படி மீன் செதில் அடுக்கில் மேலேறிச் செல்ல வேண்டும்.

இரு பக்கத்து ஓடுகளும் தகட்டின்மேல் சாய்வாக வெட்டப்பட்டு நிற்கும். அவற்றுக்கிடையே திறந்திருக்கும் வழி குறைந்தது 100 மி.மீ. அகலம் இருக்க வேண்டும். கை நுழையாத அளவுக்குக் குறுகியிருந்தால் முதல் இலையுதிர்காலத்திலேயே அடைத்துக்கொள்ளும்.

ஓட்டின் வெட்டு விளிம்பை நிரப்பும் சாந்தை நேரடியாக ஈயத்தின்மேல் வைக்கக் கூடாது என்பதை ஓடு வேய்பவர்களே பலர் கவனிப்பதில்லை. சாந்து தகட்டைப் பிடித்துக்கொண்டால், மேலே சொன்ன விரிவுக்கு இடமில்லாமல் போகும். சாந்து விரிசல் விட்ட இடத்தில் நீர் பக்கவாட்டில் உறிஞ்சப்பட்டுச் சட்டத்தைத் தாண்டிப் பலகைக்குள் இறங்கும். இடையே ஒரு ஃபைபர் சிமெண்ட் பட்டை வைத்து, அதன்மேல்தான் சாந்து போட வேண்டும்.

கூரைச் சரிவு 35 பாகை, கூடுவாய்த் தகட்டுக்கு 150 மி.மீ. லாப் போதும் என்கிறார். சரிதானா?

சரியில்லை. இது அனுபவமுள்ளவர்களும் தடுமாறும் இடம். இரண்டு பரப்புகளின் இடுக்கில் நீர் சற்று மேல்நோக்கி ஏறும். அதைத் தடுக்க, மேல்துண்டு கீழ்த்துண்டின்மேல் ஏறியிருக்கும் பகுதி, அதாவது லாப், செங்குத்து உயரத்தில் குறைந்தது 75 மி.மீ. இருக்க வேண்டும் என்பது கணக்கு. சரிவு குறையக் குறைய அதே 75 மி.மீ. உயரத்தை அடைய லாப் நீள வேண்டும். 30 பாகைச் சரிவில் 150 மி.மீ., 25 பாகையில் சுமார் 180, 20 பாகையில் சுமார் 220, 15 பாகையில் 290 மி.மீ.

கூடுவாயின் சரிவு கூரையின் சரிவை விட எப்போதும் குறைவு என்பதே தடுமாற்றத்துக்குக் காரணம். கூரை நேராகக் கீழே இறங்குகிறது. கூடுவாயோ மூலைவாட்டில் நீண்ட வழியில் அதே உயரத்தை இறங்குகிறது. இரண்டு 35 பாகைச் சரிவுகள் செங்கோணத்தில் சந்தித்தால் கூடுவாயின் சரிவு 26 பாகை அளவுதான். ஆகவே 35 பாகைக் கூரையில் 170 மி.மீ.க்குக் குறையாத லாப் வேண்டும். 180 வைத்தால் நிம்மதி. 30 பாகைக் கூரை என்றால் கூடுவாய் 22 பாகைக்கு இறங்கிவிடும், 200 மி.மீ. லாப் தேவைப்படும். உங்கள் கூரைக்காரரிடம் கூடுவாயின் சரிவை அளந்தாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் யோசிக்கும் விதத்திலேயே அவருடைய அனுபவம் தெரிந்துவிடும்.

வெளியிலிருந்து பார்த்தால் எங்கள் வீட்டுக்குக் கூரையே தெரியவில்லை. நடு வீட்டில் ஒழுகுகிறது. அது எப்படி?

உங்களுடையது லண்டன் தொடர் வீடுகளில் காணப்படும் வண்ணத்துப்பூச்சிக் கூரை. முன்புறம் கைப்பிடிச் சுவர் உயர்ந்து கூரையை மறைக்கும். அதன் பின்னால் இரு பக்கத்துச் சுவர்களிலிருந்தும் கூரை உள்நோக்கிச் சரிந்து, வீட்டின் நடுவே முன்னிருந்து பின்னாக ஓடும் ஒரு பெட்டிப் பீலியில் சேரும். கூரையில் விழும் நீர் முழுவதும் உங்கள் படுக்கையறைக் கூரையின் நடுவே ஓடிப் பின்புறச் சுவரில் வெளியேறுகிறது.

இந்தப் பீலிக்கான விதிகள் சாய்வான கூடுவாய்க்கான விதிகள் அல்ல. ஏறக்குறைய மட்டமாக இருப்பதால் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி வைத்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு துண்டும் முடியும் இடத்தில் குறைந்தது 50 மி.மீ. உயரப் படி ஒன்றை மரத்திலேயே அமைத்து, ஈயத்தை அதன்மேல் மடிக்க வேண்டும். பீலிக்கு 80க்கு 1 என்ற சரிவாவது வேண்டும். படிகளுக்கு இடையே கோட் 5 தகடு 2 மீட்டர் வரையும், கோட் 6 தகடு 2.25 மீட்டர் வரையும், கோட் 7 தகடு 2.5 மீட்டர் வரையும் போகலாம். துண்டு நீள வேண்டுமானால் தடிமனும் கூட வேண்டும். பழைய பீலியில் படி அமைக்க உயரமில்லாமல் போவதுண்டு. அப்போது அடிப்பலகையை மாற்றி உயர்த்தும் தச்சு வேலையும் சேர்ந்துவிடும். அந்த வேலைக்குத் தனி வரியில் விலை எழுதாத மதிப்பீட்டை ஏற்காதீர்கள்.

ஒழுகும் இடம் ஒன்று, கறை தெரியும் இடம் ஒன்று. உண்மையான இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

நீர் உள்ளே நுழைந்ததும் நேராக விழுவதில்லை. ஓட்டுக்கு அடியிலுள்ள விரிப்பிலும் கைமரத்திலும் வழிந்து, ஓர் ஆணியையோ மரத்தின் அடிவிளிம்பையோ கண்டதும் சொட்டும். எனவே கறைக்கு நேர் மேலே தேடாமல், சரிவில் மேல்நோக்கித் தேட வேண்டும்.

உலர்ந்த நாளொன்றில் இருவர் சேர்ந்து தோட்டக் குழாயால் சோதிக்கலாம். ஒருவர் டார்ச்சுடன் பரணில் இருக்க வேண்டும்; மற்றவர் பாதுகாப்பான இடத்தில் நின்று நீரைப் பாய்ச்ச வேண்டும். சந்தேகப் பகுதியின் அடியிலிருந்து தொடங்கிப் பத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஓர் இடமாக மேலேறுங்கள். மேலிருந்து தொடங்கினால் நீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும்; எதுவும் தெரியாது. மெல்ல வழிய விடுவது போதும். அழுத்திப் பீய்ச்சினால் மழையால் ஒருபோதும் நுழையாத இடத்திலும் நீர் நுழைந்து உங்களைத் தவறான முடிவுக்குக் கொண்டுசெல்லும். நீர் உள்ளே தெரிய நேரமாகும் என்பதால் பொறுமை வேண்டும். கூரையில் ஏறாதீர்கள், ஏணி எட்டாத இடமென்றால் சாரம் உள்ளவரிடம் விட்டுவிடுங்கள்.

மழையே இல்லாத குளிர் நாளிலும் பரண் ஈரமாக இருக்கிறதே?

அது ஒழுக்கு அல்ல. வீட்டிலிருந்து எழும் நீராவி குளிர்ந்த பரப்பில் படிந்து நீராகிறது. மூடி வைத்துச் சமைக்காத சமையலறை, வீட்டுக்குள் உலர்த்தும் துணி, பரணின் காற்றோட்ட வழியை அடைத்துத் திணித்த வெப்பக்காப்புக் கம்பளி இவையெல்லாம் சேர்ந்து இதை உண்டாக்கும். முந்தைய பதிலில் சொன்ன குழாய்ச் சோதனையில் ஒன்றும் தெரியாவிட்டால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஈயத்துக்கும் இதனால் கேடு உண்டு. தகட்டின் மேற்புறம் மழையில் நனைந்து காய்ந்து தன் காப்புப் படலத்தை உருவாக்கிக்கொள்கிறது. அடிப்புறத்தில் காற்றோட்டமில்லாமல் படியும் நீரோ உலோகத்தை வெள்ளைப் பொடியாக அரிக்கிறது. மேலே பார்த்தால் புதிது போலிருக்கும் தகடு அடியிலிருந்து மெலிந்துகொண்டே போகும். பெட்டிப் பீலியின் பலகையை மாற்றும்போது தகட்டின் அடிப்புறத்தையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

புதிய ஃபிளாஷிங்கிலிருந்து ஓட்டிலும் செங்கல்லிலும் வெள்ளையாக வழிந்திருக்கிறது. கழுவினால் போகுமா?

புதிய ஈயம் முதல் மழையிலேயே வெள்ளை நிற ஈயக் கார்பனேட்டை உண்டாக்கும். அதுதான் வழிந்திருக்கிறது. தகட்டுக்குக் கேடில்லை, சிவப்புச் செங்கல்லில் அசிங்கமாகத் தெரியும், அவ்வளவுதான். பதித்த அன்றே, மழைக்கு முன், பட்டினேஷன் எண்ணெயைத் துணியால் தேய்த்திருந்தால் இது வந்திருக்காது. லாப்பின் உள்ளேயும் கீழ் விளிம்பின் அடியிலும் எண்ணெய் பட வேண்டும்; வெள்ளை வழிவது அங்கிருந்துதான். கறை படிந்த பிறகு முழுமையாக நீக்குவது கடினம். பல இடங்களில் காலப்போக்கில் மழையே மங்கச் செய்துவிடும்.

ஒட்டும் டேப், ஃபைபர் கூடுவாய், ஈயமில்லாத ஃபிளாஷிங் இவற்றில் எது பரவாயில்லை?

மூன்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. அலுமினியம் பூசிய ஒட்டும் டேப் அவசரத்துக்கு உதவும்; அடுத்த உலர்ந்த வாரம் வரை வீட்டைக் காப்பாற்றும். அதை நிரந்தரமாக ஒட்டிவிட்டுப் போவது சரியல்ல. பசை காய்ந்ததும் அடியில் நீரைத் தேக்கிவைத்து, நல்ல ஈயத்தையும் மாற்ற வேண்டிய நிலைக்குக் கொண்டுவரும்.

ஃபைபர்கிளாஸ் கூடுவாய், சாதாரண கான்கிரீட் ஓட்டுக் கூரையில் நல்ல மாற்றே. மலிவு, எடை குறைவு, திருடர்களுக்கு ஆசையில்லை, விரிவுக் கவலையும் ஈயத்தைப் போல் இல்லை. சிலேட்டுக் கூரையிலும் குறைந்த சரிவிலும் நான் ஈயத்தையே விரும்புவேன். உலோக வலைமேல் செயற்கை ரப்பர் பூசிய ஈயமில்லாத தகடுகள் சுவரோரத்துக்குப் பொருந்தும். ஆனால் அவை ஈயத்தின் ஆயுளை எட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். பட்டியலிடப்பட்ட வரலாற்றுக் கட்டடமானால், பொருளை மாற்றும் முன் உள்ளூராட்சி மன்றத்தின் திட்டப் பிரிவைக் கேட்டாக வேண்டும்.

அணில் ஈயத்தைத் தின்கிறது என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். உண்மையா?

உண்மை. சாம்பல் அணில்கள் தகட்டு விளிம்பைக் கொறிக்கும். இரட்டை இரட்டையாகப் பல் தடம் தெரியும். விளிம்பு போனால் பிழையில்லை. மடிப்புக் கோட்டில் துளை விழுந்தால் அந்தத் துண்டை மாற்ற வேண்டும்.

ஈயம் நஞ்சாயிற்றே. குழந்தைகள் உள்ள வீட்டில் பயப்பட வேண்டாமா?

கூரையில் பதிந்திருக்கும் தகட்டால் வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு அச்சமில்லை. தொட்டு வேலை செய்பவர் உண்பதற்கு முன் கை கழுவ வேண்டும். வெட்டித் தள்ளிய துணுக்குகளும் பழைய தகட்டின் வெள்ளைப் பொடியும் தோட்டத்தில் கிடக்கக் கூடாது. பொடியைக் கூட்டிப் பெருக்கினால் காற்றில் பறக்கும். ஈரத்துணியால் துடைத்து எடுக்கச் சொல்லுங்கள். ஈயத்தின்மேல் ஓடிவரும் நீரைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்தக் கூடாது. பின்வளவில் கீரை வளர்ப்பவர்கள், பெரிய பெட்டிப் பீலியிலிருந்து வரும் நீரைக் கீரைக்கு ஊற்றாமல் பூச்செடிக்கு ஊற்றுவது நல்லது.

ஒருவர் கதவைத் தட்டி, "உங்கள் ஃபிளாஷிங் கழன்றிருக்கிறது, இன்றே சரிசெய்கிறேன்" என்றார். நம்பலாமா?

நம்பாதீர்கள் என்றே சொல்வேன். கழன்றிருப்பது உண்மையாகவே இருந்தாலும் ஒரே நாளில் முடிவெடுக்கத் தேவையில்லை. கைபேசியில் அவர் காட்டும் படம் உங்கள் கூரைதானா என்று முதலில் பாருங்கள். உங்கள் புகைபோக்கியின் குடுவைகளை எண்ணிப் பார்த்தாலே பல நேரம் விடை கிடைத்துவிடும். வீட்டு வாசலில் செய்த ஒப்பந்தத்தை 14 நாட்களுக்குள் ரத்து செய்யும் உரிமை 2013ஆம் ஆண்டின் நுகர்வோர் ஒப்பந்த ஒழுங்குவிதிகளில் இருக்கிறது. ஆனால் அந்த நாட்களுக்குள்ளேயே வேலையைத் தொடங்குமாறு நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தால், அதுவரை செய்த வேலைக்குப் பணம் கொடுக்க வேண்டிவரலாம்.

மதிப்பீட்டில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்பது மேலே உள்ள பதில்களிலிருந்தே தெரியும்: தகட்டின் கோட், துண்டின் நீளம், லாப், ஆப்பும் கிளிப்பும், எண்ணெய், சாரம். "ஃபிளாஷிங் சரிசெய்தல்" என்று ஒரே வரியில் தொகை எழுதியவரோடு பின்னால் வாதிட உங்களிடம் ஒன்றும் இருக்காது. வேலை முடிந்ததும், சாரத்தைக் கழற்றும் முன், புகைபோக்கியின் பின்புறம் உட்பட எல்லாப் பக்கத்தையும் படமெடுத்துத் தரச் சொல்லுங்கள்.

எங்கள் நீட்டிப்பின் ஃபிளாஷிங்கைப் பக்கத்து வீட்டுச் சுவரில் செருக வேண்டியிருக்கிறது. அவரிடம் வாய்மொழியாகக் கேட்டால் போதுமா?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் போதாது. 1996ஆம் ஆண்டின் பொதுச் சுவர்ச் சட்டம், அண்டை வீட்டுச் சுவரை ஒட்டி நீங்கள் எழுப்பும் சுவருக்காக அவருடைய சுவரை வெட்டி ஃபிளாஷிங் செருகும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. ஆனால் வேலை தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பே எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அவர் எழுத்தில் சம்மதித்தால் முன்னதாகவே தொடங்கலாம். மறுத்தால், அல்லது 14 நாட்களில் பதிலே தராவிட்டால், அது தகராறாகக் கருதப்பட்டுச் சர்வேயர்கள் மூலம் தீர்க்கப்படும். நல்ல உறவில் உள்ள அண்டை வீட்டாரிடமும் தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் அந்தத் தாளைத்தான் கேட்பார்.

கழற்றிய பழைய ஈயத்தை வேலையாள் எடுத்துப் போய்விட்டார். அது யாருக்குச் சொந்தம்?

வேறு உடன்பாடு இல்லாதவரை வீட்டுக்காரருக்கே. 150 மி.மீ. அகலமும் 6 மீட்டர் நீளமும் உள்ள ஒரு கோட் 4 சுருளே 18 கிலோவுக்கு மேல் எடை இருக்கும். பெட்டிப் பீலி முழுவதையும் கழற்றினால் அதன் பழைய உலோக மதிப்பு சிறு தொகையல்ல. அதை வேலைக்கூலியில் கழித்துக்கொள்வது வழக்கமானதுதான். வேலை தொடங்கும் முன் மதிப்பீட்டிலேயே அதை எழுதிவிடுங்கள். நீங்களே விற்கப் போனால் பணமாகக் கையில் தரமாட்டார்கள். 2013ஆம் ஆண்டின் பழைய உலோக வியாபாரிகள் சட்டப்படி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அடையாள ஆவணத்தைப் பார்த்த பிறகு, வங்கிக் கணக்கிலோ காசோலையாகவோதான் செலுத்த முடியும். கூரை ஈயம் உள்ளிட்ட உலோகத் திருட்டைக் குறைக்கவே அந்த விதி வந்தது. புதிய தகட்டைப் பதித்த பிறகு, ஏணியை வீட்டுப் பக்கவாட்டில் பூட்டாமல் சாய்த்து வைக்காதீர்கள்.